டோல்கேட் அத்தையும் முறைச் சிலேட்டும்

அத்தை வேலைக்குக் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டில் நிறைந்து போகும், கிட்டத்தட்ட நிறைந்தே திரும்பி வரும். நான் பத்தாம் வகுப்பு முடித்து அவள் வீட்டில் தங்கிப் படிக்க வந்த நாளிலிருந்து இதைப் பார்த்திருக்கிறேன். நீல நிற ஒரு லிட்டர் பாட்டில். காலையில் கழுத்து வரை நிரப்பி மூடியை இறுக்குவாள். மாலையில் வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, வாசல் ஓரத்துத் தொட்டிச் செடிக்கு அதைக் கவிழ்ப்பாள். செடிக்குத் தண்ணீர் வாங்கி வருவதற்காகத்தான் வேலைக்குப் போகிறாளோ என்று ஆரம்பத்தில் நினைத்தேன்.

"குடிக்காத தண்ணிய எதுக்கு அத்தை தினமும் சுமக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நாக்கு ஒட்டிக்கிச்சுன்னா ஒரு வாய் ஊத்தி நனைச்சுக்குவேன். முழுங்கினா இறங்கிப் போகணும். இறங்கிப் போனா லேன மூடணும். லேன மூடினா பின்னாடி நாப்பது வண்டி ஹாரன் அடிப்பான். தேவையா?"

அத்தைக்குச் சுங்கச்சாவடியில் வேலை. மூன்றாவது லேன். ஓர் ஆள் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும் கண்ணாடிக் கூண்டு. கழிப்பறை சாலைக்கு எதிர்ப்பக்கம், எட்டு லேன்களைக் கடந்து. போக வேண்டுமென்றால் சூப்பர்வைசருக்குப் போன் செய்து, மாற்று ஆள் வரும் வரை காத்திருந்து, ஓடி, திரும்பி வர வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் அவள் அப்படிப் போன் செய்தது கைவிரல்களுக்குள் அடங்கும். உடம்பைப் பழக்கிவிட்டேன் என்பாள், நாய்க்குட்டியைப் பழக்கியது போல.

எங்கள் வீடு இரண்டாம் மாடியில். நீளத் தாழ்வாரம், நான்கு வீடுகள், கடைசியில் ஒரே ஒரு கழிப்பறை. முதல் வீட்டில் தண்ணீர் கேன் போடும் அண்ணன், மனைவியோடு. அடுத்தது தையல்காரம்மா, மெஷினும் அவரும் மட்டும். மூன்றாவது நாங்கள், அத்தையும் நானும். நான்காவதில் மூன்று இளைஞர்கள் சேர்ந்து தங்கியிருந்தார்கள். யாருக்கும் அவர்கள் பெயர் சரியாகத் தெரியாது. 'பசங்க' என்றால் அவர்கள்தான்.

நான் வருவதற்கு முன்பு அந்தக் கழிப்பறை வாசலில் தினமும் சண்டையாம். ஒருநாள் வாளி பறந்ததாம். அன்று அத்தை ஒரு சிலேட்டு வாங்கி வந்து கதவுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினாள். காலை நாலரை மணியிலிருந்து ஆறரை வரை வீட்டுக்கு அரை மணி நேரம் முறை. மாதம் ஒருமுறை வரிசை மாறும். மற்ற நேரம் யார் வேண்டுமானாலும் போகலாம். விருந்தாளி, பேதி, ஊருக்குப் போவது என்று அவசரம் வந்தால் இன்னொரு வீட்டு முறையைக் கடன் வாங்கலாம்; ஆனால் சிலேட்டின் அடிப்பக்கம் யார் யாருக்கு எத்தனை என்று எழுதிவிட வேண்டும், திருப்பிக் கொடுத்த பிறகுதான் அழிக்கலாம். பேதி பிடித்து ஓடும்போது எவன் சாக்பீஸ் தேடுவான் என்று கேன் அண்ணன் கேட்டிருக்கிறார். "வந்த பிறகு எழுதுங்க. லாரி நிக்காம போனாலும் நம்பர் எழுதி வெக்கிறோம்ல?" என்றாளாம். அன்றிலிருந்து தாழ்வாரம் முழுக்க அவளுக்கு டோல்கேட் அக்கா என்று பெயர்.

அந்தச் சிலேட்டின் அடிப்பக்கத்தில் எல்லார் பெயரும் மாறி மாறி வந்திருக்கிறது. அத்தையின் பெயர் மட்டும் கடன் வாங்கியவர் பக்கம் வந்ததே இல்லை. இது அவளுக்குப் பெருமை. வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் சிலேட்டைத் துடைக்கும்போது அவள் முகத்தில் தெரியும்.

போன வருடம் அவள் படியேறும்போது முதல் மாடியில் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தாள். முகம் வெளிறிப்போனது. ரத்தப் பரிசோதனையில் ரத்தம் மிகவும் குறைவு. "மலத்துல ரத்தம் போகுதா?" என்று டாக்டர் கேட்டார். அத்தை என்னைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள்.

"மூலம்னு நினைச்சேன்."

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷம் இருக்கும்."

ஒரே வீட்டில், அடுத்த பாயில் படுத்துக்கொண்டு, ஒரு வருடம் எனக்குத் தெரியாது. எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி நான். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் அடுத்தவர் மருத்துவ அறிக்கைகளைக் கணினியில் ஏற்றுவதுதான் என் வேலை. பெருங்குடல், மலக்குடல், கட்டி, ரத்தக் கசிவு என்று ஒரு நாளைக்கு நூறு தடவை தட்டச்சு செய்திருப்பேன். அந்த வார்த்தைகளுக்குள் யாரும் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கொலோனோஸ்கோபி செய்து பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். ஆசனவாய் வழியாகக் கேமரா உள்ள மெல்லிய குழாயை விட்டு, பெருங்குடல் முழுவதையும் பார்ப்பது. அதற்கு முன்னால் குடல் காலியாக இருக்க வேண்டும். ஒரு தாளும் இரண்டு பவுடர் பாக்கெட்டுகளும் கொடுத்தார்கள். தாள் இங்கிலீஷில். அத்தை அதை வாங்கக்கூட இல்லை. "அவகிட்ட குடுங்க, படிச்ச பொண்ணு" என்றாள் நர்ஸிடம். அதைச் சொல்லும்போது அவ்வளவு சோர்விலும் குரல் நிமிர்ந்தது.

நான் அந்தத் தாளை மூன்று முறை படித்தேன். இரும்புச் சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். மூன்று நாள் முன்பிருந்து கீரை, பழத்தோல், விதை, பருப்பு எதுவும் கூடாது. வெறும் சாதம், ரொட்டி. முந்தின நாள் முழுவதும் திட உணவே இல்லை. வடிகட்டிய சூப், பால் சேர்க்காத டீ, சர்க்கரைத் தண்ணீர். சிவப்பு, ஊதா நிறத்தில் எதையும் குடிக்கக் கூடாது, உள்ளே ரத்தம் போலத் தெரியும். மாலை ஆறு மணிக்கு முதல் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து ஒரு மணி நேரத்தில் குடிக்க வேண்டும், மேலே இன்னும் அரை லிட்டர் வெறும் தண்ணீர். மறுநாள் அதிகாலை நாலரைக்கு இரண்டாவது பாக்கெட், அதே போல. எல்லாவற்றையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, அத்தை தலைமாட்டில் ஒட்டினேன். அலுவலகத்தில் அடிக்கோடு போடுவது போல மஞ்சள் மையில் கோடு போட்டேன். ரொம்பத் திருப்தியாக இருந்தது. எழுதாமல் விட்டது என்ன என்று யோசிக்கத் தோன்றவில்லை.

முந்தின நாள் மாலை எப்படியோ ஒழுங்காகப் போயிற்று. எலுமிச்சை வாசனை போட்ட உப்புத் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்றாள். "கடல் தண்ணியில ஜூஸ் போட்ட மாதிரி இருக்குடி." ஒவ்வொரு டம்ளருக்கும் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருடமாக ஒரு வாய்த் தண்ணீரை நாக்கில் வைத்துக் காலம் தள்ளியவளுக்கு டம்ளர் டம்ளராக விழுங்கத் தெரியவில்லை. தொண்டை மறுத்தது. ஏழு மணிக்குத் தொடங்கியது. மாலையில் கழிப்பறை பெரும்பாலும் காலிதான். ஆறு தடவை போய் வந்தாள். நான் தூங்கும்போது தேறிவிடும் என்றுதான் இருந்தது.

நாலரைக்கு அவளுக்கு அலாரம் வைத்தேன். எனக்கு வைக்கவில்லை. நான் எழுந்தபோது ஆறு மணி. மருந்து கலக்கி வைத்திருந்த பாட்டில் காலியாக இருந்தது. அத்தை குளித்துவிட்டு முடியைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

"முழுசா குடிச்சீங்களா?"

"ஆச்சு, ஆச்சு. கிளம்பு."

மருத்துவமனையில் என்னை வெளியே உட்காரவைத்து அவளை உள்ளே கூட்டிப்போனார்கள். அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். பத்து நிமிடத்திலேயே நர்ஸ் என்னைக் கூப்பிட்டார். டாக்டர் முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு நின்றார். "உள்ள ஒண்ணும் தெரியல. நிறைய தங்கியிருக்கு. மேல கொண்டு போறது ஆபத்து. ரெண்டாவது பாக்கெட் குடிக்கலையா?"

"குடிச்சாங்களே டாக்டர்."

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. என் அலுவலகத்தில் பொய்யான ஆவணத்தை நாங்கள் பார்க்கிற பார்வை. அடுத்த தேதி மூன்று வாரம் கழித்துத்தான் இருந்தது. "கட்டி இருக்கா இல்லையான்னே தெரியாம மூணு வாரம் போகுதும்மா. இந்தத் தடவை சரியா வந்துடுங்க" என்றார்.

ஆட்டோவில் அத்தை மயக்கம் தெளியாமல் என் தோளில் சாய்ந்திருந்தாள். வீட்டு வாசலுக்கு வந்தபோது தொட்டிச் செடியில் எலுமிச்சை வாசனை அடித்தது. மண் ஈரமாக இருந்தது.

"இது என்ன அத்தை?"

அவள் செருப்பைக் கழற்றினாள். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு கழற்றினாள்.

"ஒரு டம்ளர் குடிச்சதுமே வயித்த முறுக்கிடுச்சு. போனா கதவு சாத்தியிருக்கு. கேன்காரர் முறை. அவர் அஞ்சு மணிக்கு வண்டி எடுக்கணும். அதுக்கப்புறம் தையல்காரம்மா, அதுக்கப்புறம் பசங்க. நம்ம முறை இந்த மாசம் கடைசி, ஆறு மணிக்கு. இடையில நான் பத்து தடவை ஓடினா அவங்கல்லாம் எங்க போவாங்க?"

"கேட்டிருக்கலாமே!"

"கதவத் தட்டி என்னன்னு சொல்றது? வெளிய வாங்க, எனக்கு அவசரம்னா?"

"அதுக்குத்தானே சிலேட்டு? நீங்கதானே மாட்டினீங்க?"

"அது மத்தவங்களுக்கு" என்றாள். சொன்ன பிறகு அது அவளுக்கே விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும். உள்ளே போய்ச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கோபம் வந்தது, அவள் மேல் கொஞ்சம், என் மேல் நிறைய. இந்தத் தாழ்வாரத்தில் பத்து வருடமாக வாளியோடு நின்றிருக்கிறேன். நாலரை மணிக்குக் குடி என்று மஞ்சள் கோடு போட்டவளுக்கு நாலரை மணிக்கு அந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருப்பார்கள் என்று ஏன் தோன்றவில்லை? தாளைப் படித்தேன், வீட்டைப் படிக்கவில்லை. படிப்பு என்று நான் நினைத்திருந்தது இவ்வளவுதானா என்று அந்த மூன்று வாரமும் கேட்டுக்கொண்டே இருந்தேன். காலையில் அவள் வேலைக்குப் போனாள், பாட்டிலோடு. ரத்தம் போவது நிற்கவில்லை. இப்போது நான் கேட்டால் சொன்னாள்: "இருக்கு." அவ்வளவுதான் சொல்வாள்.

செடியின் இலைகள் நான்காம் நாள் சுருண்டு விழத் தொடங்கின. கேன் அண்ணன் கேனை இறக்கிவிட்டு அதைப் பார்த்து நின்றார். "என்னம்மா, செடிக்கு என்ன ஆச்சு?"

எனக்கு வாய் பொறுக்கவில்லை. "அதுக்குப் பேதி மருந்து குடுத்துட்டாங்கண்ணே" என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு முழுக்கதையும் கேட்டார். சிரிப்பு நின்றுவிட்டது. "அன்னைக்குக் காலையில நான்தானே உள்ள இருந்தேன்? வெளிய நடக்கிற சத்தம் கேட்டுச்சு. பீடிய முடிச்சுட்டு வரலாம்னு உக்காந்துட்டேன்" என்றார். பாவம், குற்றம் செய்தவர் போலத் தலையைச் சொறிந்துகொண்டார். அன்று மாலையே நான் மூன்று வீட்டுக்கும் போய் அந்தத் தேதியைச் சொல்லி முறை கேட்டேன். யாரும் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

அத்தைக்கு அது தெரிந்ததும் வீடு இரண்டுபட்டது.

"என்னைக் கேக்காம என் பேர்ல கடன் வாங்குவியா நீ?"

"வேற வழி சொல்லுங்க."

"லாட்ஜுல ரூம் எடுப்பேன்."

"ராத்திரி அங்க மயக்கம் வந்து விழுந்தா யார் தூக்குறது?"

"ஊரெல்லாம் போய்ச் சொல்லிட்டு வந்திருக்கா, எங்க அத்தைக்கு வயித்தால போகப்போகுது, வழி விடுங்கன்னு. நாளைக்கு நான் எப்படி இந்தத் தாழ்வாரத்துல தலைநிமிர்ந்து நடப்பேன்?"

"நடக்கறதுக்கு நீங்க இருக்கணும்ல அத்தை" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ரொம்ப நேரம் கைகளைப் பார்த்தாள், அந்தக் கைகள் வேறு யாருடையவோ என்பது போல. "அலுப்பா இருக்குடி" என்றாள் கடைசியில். "புடிச்சு வெச்சு புடிச்சு வெச்சு அலுப்பா இருக்கு."

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வெளியே போனாள். சாக்பீஸ் கீறும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சிலேட்டின் அடிப்பக்கத்தில், கடன் வாங்கியவர் என்ற இடத்தில், தன் கையால் 'டோல்கேட்' என்று எழுதினாள். அதற்கு எதிரே: கேன் – 2, தையல் – 2, பசங்க – 2. மாலைக்கு ஒன்று, காலைக்கு ஒன்று. மாலைக்கு முறையே கிடையாது, அதற்கு எதற்குக் கணக்கு என்று கேட்டேன். "மூணு மணி நேரம் ஒரு வீடே வெச்சுக்கிட்டா அது கணக்குதான்" என்றாள்.

தேதி நெருங்கியது. முந்தின நாள் மதியம் தையல்காரம்மா ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

"இந்தா டோல்கேட்டு, பாவாடை. நாடா இல்ல, எலாஸ்டிக் வெச்சிருக்கேன். முடிச்சு அவுக்கற நேரத்துல உலகமே அழிஞ்சுடும். எங்க வீட்டுக்காரருக்கு இதே டெஸ்ட்டு எடுத்தாங்க, எனக்குத் தெரியாதா?"

"அளவு எப்படித் தெரியும் உனக்கு?"

"பதினஞ்சு வருஷமா உன் இடுப்ப வாளியோட பாத்துட்டு இருக்கேன். அளவு தெரியாதா?"

அவர்தான் எனக்குத் தாளில் இல்லாத விஷயங்களைச் சொன்னார். மருந்தை முன்கூட்டியே கலந்து குளிரவைத்தால் உப்புக் கரிப்பு குறையும். நாலைந்து தடவைக்குப் பிறகு எரியும், அதனால் முதலிலேயே வாஸலின் தடவிக்கொள்ள வேண்டும். காகிதம் வேண்டாம், தண்ணீர் ஊற்றி, மெல்லிய துணியால் ஒற்ற வேண்டும். குளிர் எடுக்கும், போர்வை தயாராக இருக்கட்டும். அத்தை மாணவி மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியதையெல்லாம் கூச்சமில்லாமல் சொன்னவர், கிளம்பும்போது மட்டும் அத்தையின் முகத்தைப் பார்க்காமல் போனார். அவர் வீட்டுக்காரருக்கு அந்தப் பரிசோதனைக்குப் பிறகு என்ன ஆனது என்பது எங்களுக்குத் தெரியும்.

கேன் அண்ணன் ஒரு புதுக் கேனை எங்கள் வாசலில் வைத்தார். "குடிக்கிற தண்ணி என் பொறுப்பு. நாளைக்குக் காலையில நான் பெட்ரோல் பங்க்ல போயிக்குவேன். அங்க ஃபேன் எல்லாம் இருக்கு, ராஜா மாதிரி" என்றார். பசங்களில் ஒருவன், எப்போதும் காதில் ஒயரோடு திரிபவன், ஒயரைக் கழற்றிவிட்டு, "ஆன்ட்டி, நாங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடுவோம். நீங்க டென்ஷன் ஆகாதீங்க" என்றான். அவன் அத்தையோடு பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

ஆறு மணிக்குத் தொடங்கினாள். கால் மணிக்கொரு டம்ளர். நான் பக்கத்தில் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். நான்காவது டம்ளரில் குமட்டியது. பத்து நிமிடம் நிறுத்தி, எலுமிச்சைத் துண்டை மோந்து பார்த்து, மறுபடி குடித்தாள். அதிகாலை இரண்டாவது பாக்கெட்டுக்கு நானும் எழுந்தேன். தாழ்வாரம் காலியாக இருந்தது. மூன்று கதவுகளும் சாத்தியிருந்தன. ஆனால் கேன் அண்ணன் வீட்டு விளக்கு எரிந்தது. கழிப்பறைக்கு வெளியே யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும், அதன்மேல் மடித்த துண்டும் வைத்திருந்தார்கள். அத்தை அதைப் பார்த்து நின்றாள். பிறகு அதில் உட்கார்ந்தாள். போனாள், வந்தாள், உட்கார்ந்தாள், குடித்தாள், போனாள். எட்டாவது தடவைக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டோம். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு, "இப்ப வெறும் தண்ணிதான் வருது. லேசா மஞ்சள். அடி தெரியுது" என்றாள். அவள் இப்படி ஒரு செய்தியை எனக்கு உரக்கச் சொல்வாள் என்று நான் நினைத்ததே இல்லை.

மருத்துவமனையில் நர்ஸ், "எப்படிம்மா, கிளியரா போச்சா?" என்று கேட்டதும் அத்தை நிமிர்ந்து, "ரெண்டு பாக்கெட்டும் முழுசா. மொத்தம் மூணு லிட்டர் தண்ணி" என்றாள், ரசீது நீட்டுவது போல. பின்பக்கம் திறந்த அங்கியை மாட்டி, இடப்பக்கமாகப் படுக்கவைத்து, முழங்கால்களை மடக்கச் சொன்னார்கள். கையில் ஊசி போட்டார்கள். "வலிக்குமா?" என்று என்னிடம் கேட்டாள், நர்ஸிடம் கேட்காமல். "தூங்கிடுவீங்க. எழுந்தா காத்து கட்டின மாதிரி வயிறு உப்பியிருக்கும், அவ்வளவுதான்" என்றேன். இது தாளில் இருந்தது. இதுவாவது உண்மையாக இருந்தது.

இந்தத் தடவை பத்து நிமிடத்தில் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது அவள் கண்ணைத் திறக்காமலே, "சில்லறை வெச்சிருக்கீங்களா?" என்றாள். நர்ஸ் சிரித்தார். எல்லாரும் எதையாவது உளறுவார்கள், காற்று பிரிந்தால் வெட்கப்பட வேண்டாம், அது நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை காற்று பிரித்தாள், நீளமாக. அப்படியே கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். படத்தைக் காட்டினார். குடல் இவ்வளவு சுத்தமாக, ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஓரிடத்தில் மட்டும் காலிஃபிளவர் துண்டு மாதிரி ஒன்று, பாதி வழியை அடைத்துக்கொண்டு. சதை எடுத்து அனுப்பியிருக்கிறோம் என்றார். அவர் குரலைக் கேட்டதும் முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்று தெரிந்தது. தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைத்ததால் வந்ததா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். மூன்று வாரம் தாமதமானதால்? "மூணு வாரத்துல பெருசா எதுவும் மாறாது. ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா வேற பேச்சு" என்றார். என்னைத் தேற்றச் சொன்னாரா, தெரியவில்லை. நான் அதையும் மூன்று முறை எனக்குள் படித்துப் பார்த்திருக்கிறேன்.

அறுவை சிகிச்சை, அதன் பிறகு மருந்து ஏற்றுவது என்று இரண்டரை மாதம் மருத்துவமனையும் வீடுமாக அலைந்தோம். அவள் தாழ்வாரத்துக்கு நிரந்தரமாகத் திரும்பி வந்தபோது பாதி ஆளாகியிருந்தாள். வந்ததும் சிலேட்டைத்தான் பார்த்தாள். அந்த ஆறும் அப்படியே இருந்தன.

மறுநாளிலிருந்து திருப்பிக் கொடுக்கத் தொடங்கினாள். குடலில் பாதியை எடுத்தவளுக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தது. இருந்தும் தன் அரை மணி நேரத்தைத் தையல்காரம்மாவுக்குக் கொடுத்தாள். அவர் சண்டை போடாமல் வாங்கிக்கொண்டார். டோல்கேட்டோடு வாதம் செய்து பயனில்லை என்று அவருக்குத் தெரியும். கேன் அண்ணன் மறுத்தார்.

"எனக்கு வேணாம்கா. எனக்கு வரல."

"வரலைன்னா நில்லுங்க. இது உங்க முறை."

"நீங்க போங்கக்கா, முகமே வாடியிருக்கு."

"நான் போகமாட்டேன். என் முறை இல்ல."

காலியான கழிப்பறைக்கு முன்னால் இரண்டு பேரும் வாளியோடு நின்றார்கள். கதவு திறந்தே கிடந்தது. பத்து நிமிடம், கால் மணி நேரம். அத்தையின் நெற்றியில் வேர்த்தது. கடைசியில் அவர், "உங்களோட மல்லுக்கட்ட முடியாதுக்கா" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். இரண்டு குவளைத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. உடனே வெளியே வந்தார். "ஆச்சு. ஒண்ணு தீர்ந்தது. போங்க சீக்கிரம்." அடுத்த நாளும் அதேதான், ஆனால் ஒரே குவளையோடு முடித்தார்.

பசங்களுக்குத்தான் கொடுக்க முடியவில்லை. நாங்கள் மருத்துவமனையில் இருந்தபோதே அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பெயரே தெரியாதவர்களை எப்படித் தேடுவது? கேன் போடும் வீடுகளில் எங்காவது அந்த ஒயர்க்காரன் முகம் தெரிந்தால் சொல்லச் சொன்னாள். ஒவ்வொரு முறை கேன் இறங்கும்போதும் படுத்த இடத்திலிருந்தே கேட்பாள்: "பாத்தீங்களா?" "இல்லக்கா." கேட்பதை நிறுத்தியபோதுதான் எனக்குப் பயம் வந்தது. அதன் பிறகு அதிக நாள் இல்லை.

கடைசி வாரங்களில் நிறையத் தண்ணீர் குடித்தாள். நீலப் பாட்டிலிலேயே, மடக் மடக்கென்று. குடித்துவிட்டு என்னைப் பார்த்து, "எவ்வளவு நல்லா இருக்கு பாரு" என்றாள், ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தது போல.

அவள் போய் ஏழு மாதமாகிறது. நான்காவது வீட்டுக்குக் குழந்தையோடு ஒரு குடும்பம் வந்திருக்கிறது. முறையை மாற்றி எழுதினோம். மேல்பக்கம் எல்லாம் புதிது. அடியில் மட்டும் அந்த வரியை யாரும் தொடவில்லை. அந்த முறையை நான் கொடுத்துவிடுகிறேன் என்று அங்கே புதிதாக வந்தவரிடம் சொன்னேன். "நாங்க பசங்க இல்லையேம்மா" என்றார்.

போன வாரம் கேன் அண்ணன் படியேறி வந்தவர் கேனை இறக்காமலே சொன்னார்: "அந்த ஒயர்க்காரனப் பாத்தேன். புது அப்பார்ட்மெண்டு, நாலாவது மாடி. கல்யாணம் ஆயிடுச்சு. அக்கா விஷயத்தச் சொன்னேன். ரொம்ப நேரம் நின்னுட்டிருந்தான். முறை ரெண்டு பாக்கி இருக்குன்னேன்."

"என்ன சொன்னான்?"

"அவன் என்ன சொல்லுவான்? வீட்டுக்குள்ளயே ரெண்டு பாத்ரூம் இருக்கு அவனுக்கு."

கேனை இறக்கி வைத்துவிட்டுப் போனார். நான் தாழ்வாரத்துக் கடைசிக்குப் போய்ப் பார்த்தேன். ஈரம் பட்டுப் பட்டு மங்கியிருந்தாலும் படிக்க முடிகிறது, அத்தையின் கையெழுத்து: டோல்கேட். பசங்க – 2.